தொடைத் தமனியில் வைத்த கை

ஆண் நர்ஸ் வேலையில் பாதி நாள் ஊசி போடுவதில் போகிறது. மீதி நாள் யாராவது ஒருவருடைய தொடை இடுக்கை அழுத்திக்கொண்டு நிற்பதில் போகிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நொந்துபோனவர்கள் எல்லோரும் நம்ம கட்சி என்பதால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன்.

இடுப்பெலும்பின் முன்முனைக்கும், அடிவயிற்றுக்குக் கீழே நடுவில் தட்டுப்படும் எலும்புக்கும் பாதி வழியில், தொடை மடிப்பில் விரல் வையுங்கள். துடிக்கிறதல்லவா? அவர்தான் தொடைத் தமனி. சுண்டுவிரல் பருமன்கூட இருக்க மாட்டார். வெளிப்பக்கம் நரம்பு, உட்பக்கம் சிரை, நடுவில் இவர். மேல்தொடையில் ஆழமில்லாமல் ஓடி, பிறகு தசைக்குள் புகுந்து, முழங்காலுக்குப் பின்னால் இறங்கிப் பாதம் வரைக்கும் ரத்தம் கொடுக்கிறார். அறுந்தால் சில நிமிடத்தில் உயிர் போகும். உயிர் தப்பி, இவர் மட்டும் அடைபட்டால் சில மணி நேரத்தில் கால் போகும்.

நெஞ்சு வலிக்குத் தொடை

கந்தசாமி என்று ஒரு பனியன் கம்பெனி முதலாளி நெஞ்சு வலியோடு வந்தார். கையில் ரத்தக்குழாய் சுருண்டு கிடந்ததால் டாக்டர் தொடைத் தமனி வழியாகத்தான் இதயத்துக்குக் குழாய் விட்டார். முடிந்ததும் குழாயை உருவிவிட்டு இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தேன். "ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் மனிதர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் யாருக்கோ துணியின் கலர் சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். போர்வையை விலக்கினேன். தொடை இடுக்கில் முட்டை அளவு வீக்கம், படுக்கையெல்லாம் ரத்தம். 

அவரை ஒரே தள்ளாகத் தள்ளிப் படுக்க வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "நின்னுருச்சா, கொஞ்சம் கைய எடுத்துப் பாருங்களேன்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நின்றுவிட்டதா என்று பார்க்கத்தான் சார் எல்லாரும் கையை எடுக்கிறார்கள். எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. யார் சொன்னாலும் எடுக்கக் கூடாது" என்று முதலாளி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.  அவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நெஞ்சு வலின்னு வந்தவனத் தொடையப் புடிச்சு அமுக்கறீங்களே தம்பி, வெளிய போயி சொன்னா யாருங்க நம்புவாங்க?"

தரையில் ரத்தமில்லை

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி ஒருவரைச் சாயங்காலம் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காலையில் தகடு சரிந்து தொடையில் வெட்டியிருக்கிறது. பக்கத்துப் பனியன் கம்பெனிக்காரர்கள் ஓடிவந்து, துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளான கட்டிங் வேஸ்ட்டைத் தலையணை உயரத்துக்கு அடுக்கி, ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக்கால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பருத்தித் துணி எத்தனை ரத்தத்தையும் குடித்துக்கொள்ளும். தரையில் ஒரு சொட்டு இல்லை. ரத்தம் நின்றுவிட்டது என்று நம்பி வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். எலாஸ்டிக்கோ இழுத்தால் நீளும் சாமான். தமனியை அடைக்கிற பலம் அதற்கில்லை. ரத்தம் திரும்பி வரும் சிரையை மட்டும் நெரிக்கும்.

வேஸ்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே போனேன், எடுக்க எடுக்கக் கனத்தது. கடைசிக் கொத்தை எடுத்தபோது ரத்தம் என் கண்ணாடியில் அடித்தது. தமனி முழுதாக அறுபடாததால்தான் அதுவரை உயிர் தாங்கியிருந்தது; டாக்டர் அதைக் காப்பாற்றினார். கால் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. வெளியே அவருடைய மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இன்றைக்கு வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை:

"மத்தியானமே கால் ஐஸாட்டம் சில்லுன்னு இருந்துச்சுங்க சார். குளுருதாக்கும்னு நாந்தானுங்க கம்பளி போத்தி உட்டேன்."

எடுக்க மாட்டேன் என்றவர்

அடுத்த மாதம் அவசரப் பிரிவு வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. பின்சீட்டில் ஒரு ஆள் வெளுத்துக் கிடந்தார், அவர் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார். கிடந்தவர் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் ஜேசுராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். உட்கார்ந்திருந்தவர் அவருடைய முதலாளி, அதே கந்தசாமி.

கட்டிங் மாஸ்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேஜையிலிருந்து எது சரிந்தாலும் கீழே விழவிடாமல் தொடையால் மேஜையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துவிடுவார்கள். துணி விழுந்தால் அழுக்காகுமே. அன்றைக்கு மெஷினுக்குப் பிளேடு மாற்றும்போது கழற்றிய பிளேடு சரிந்திருக்கிறது. அதையும் தொடையால் பிடித்துவிட்டார்.

காயம் தொடையின் நடுவில். முதலாளியின் முஷ்டி அதற்கு மேலே, தொடை மடிப்பில். கூட வந்தவர்கள் வேஸ்ட்டும் எலாஸ்டிக்கும் நீட்டியபோது வாங்கவில்லையாம். இத்தனை வருஷ அனுபவசாலியான நான் என்ன செய்தேன் தெரியுமா? "கையை எடுங்க, காயத்தைப் பார்க்கணும்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்த பிறகுதான் போன மாதம் என் கண்ணாடியில் அடித்த ரத்தம் ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நல்லவேளை, என் பலம் அவரிடம் பலிக்கவில்லை. டாக்டர் ஓடிவந்து பார்த்து, அந்தக் கையோடேயே ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். ஏற்கெனவே இதயம் பழுதான மனிதர், தோள் நடுங்க நடுங்கக் கூடவே ஓடினார். ஓடிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்:

"யாரு சொன்னாலும் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க! இப்ப நீங்க சொன்னாலும் எடுக்க மாட்டனுங்க!"

மறுநாள் பாதம்

மற்றக் காலிலிருந்து சிரையில் ஒரு துண்டு எடுத்து, அறுந்த தமனிக்கு ஒட்டுப்போட்டிருந்தார்கள். காலையில் போர்வையைத் தூக்கினேன். பாதத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. மேல்பாதத்தில் விரலுக்குக் கீழே மெல்லத் துடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜேசுராஜ் விரல்களை ஆட்டிக் காட்டிவிட்டு, வாசலில் நின்ற முதலாளிக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்:

"வேலையில ‘கைய எடுக்காத, கைய எடுக்காத’ன்னு பதினோரு வருசமா என்னையப் போட்டு வறுத்தெடுத்த மனுசன், அண்ணாச்சி. நேத்து ஒருநாள்தான் அவரு கைய எடுக்காம இருந்தாரு."

அன்று அவசரப் பிரிவில் நர்ஸ் வேலை பார்த்தது ஒரு பனியன் கம்பெனி முதலாளி என்பது எங்கள் மேட்ரனுக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.