அடியில் கேட்கும் கிடார்

"அப்பா போய்ட்டாங்க அங்கிள்" என்று ஜெயசீலனின் மகள் போனில் சொன்னாள். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்ததாம், உடன் வந்த என் மனைவி பிறகு சொன்னாள்.

எழுபதுகளில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கல்யாண வரவேற்புகளில் கேட்டவர்களுக்கு ஜெயசீலனையும் என்னையும் நினைவிருக்கும். பகலில் குமாஸ்தாக்கள், மாலையில் எலெக்ட்ரிக் கிடார். இரண்டு கிடாரும் பம்மலில் ஒரே தச்சர் செய்தவை. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பும் ஒரே கடையில் வாங்கியதுதான். ஒருநாள் ஒத்திகையில் குழுத்தலைவர் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார்.

"ரெண்டு பேர் வாசிக்கிறீங்க, காதுல ஒண்ணுதான் விழுது. வர்ற கல்யாணத்தோட ஒருத்தர் நின்னுக்கோங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஜெயசீலன் என்னைவிட நன்றாக வாசிப்பான்.

ஞாயிறன்று சர்ச் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தவன், இரண்டு கிடாரையும் பாயில் கிடத்தித் திறந்தான். அவன் பையில் இரண்டு பிக்கப்புகள். ஒன்று, பழைய சாமான் கடையில் கிடைத்த வெளிநாட்டுச் சரக்கு. மற்றது, அவனே மெல்லிய செம்புக் கம்பி சுற்றிச் செய்தது. "சுத்து ஏற ஏற குரல் தடிக்கும் மச்சான்" என்றவன், வெளிநாட்டுச் சரக்கை என் கிடாரில் பொருத்தினான்.

"பைத்தியமாடா? நல்லத நீ வெச்சுக்கோ."

"உன்னுது கணீர்னு மேல போகட்டும். நான் அடியில இருந்துக்கிறேன். ரெண்டு பேரும் வேணும்னு அவருக்குத் தோணணும், அவ்வளவுதான்."

சால்டரிங் புகை ஜன்னல் வெயிலில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அன்று மதியம் முழுக்க வாசித்தோம். மேலே என் கிடார் மிதந்தது. கீழே அவனுடையது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுப்பதுபோல.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. "கணீர்னு வாசிச்சது யாரு சார்?" என்று கேட்பவர்களிடம் அவன் என்னைக் காட்டுவான். எனக்குக் கூச்சமாக இருக்கும், இனிப்பாகவும் இருக்கும்.

அடக்கம் முடிந்த மாலை, அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பதிவுசெய்த டேப்பை அவன் மகள் போட்டாள். மண்டபத்தை ஒட்டி மின்சார ரயில் கடக்கையில் ஸ்பீக்கரில் எழும் உறுமல்கூட அதில் இருந்தது. கூடத்தில் எல்லோரும் என் வாசிப்புக்குத் தலையாட்டினார்கள். அவன் மனைவி ரோஸி மட்டும் கண்ணை மூடியபடி சொன்னார்: "அடியில கேக்குதே, அது அவரு."

எனக்கும் தனியாகக் கேட்டது. அந்த ஞாயிறு அவன் கிடார்களைத் திறக்காமல் இருந்திருந்தால், எது அவன், எது நான் என்று தெரியாமல் அந்த டேப்பில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

அவன் கையால் பொருத்திய பிக்கப் இன்னும் என் கிடாரில் இருக்கிறது. நேற்று வாசித்துப் பார்த்தேன். கணீரென்றுதான் இருக்கிறது. அடியில் ஆளில்லை.