பாத்துச்சொல்றேன் எழுதிய பரீட்சை

எங்கள் கம்பெனியில் சாரம் கட்டும் ஆட்கள் பத்தொன்பது பேர். அவர்களில் ஒருவரைப் 'பாத்துச்சொல்றேன்' என்று கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் என் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மணி என்ன என்று கேட்டால்கூட "பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். பார்ப்பார். சொல்வதற்குள் கேட்டவர் போயிருப்பார்.

நான் அங்கே டைம் கீப்பர். வாசலோரத் தகரக் கொட்டகையில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து, யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று பதினோரு வருடம் எழுதியவன். ஒரு கட்டடம் முடிந்தால் கொட்டகையும் கடிகாரமும் எங்களோடு அடுத்த இடத்துக்கு வரும். இங்கே சொல்லும் நேரங்கள் எல்லாம் என் பதிவேட்டிலிருந்து எடுத்தவை.

நான் சேர்ந்த அதே வாரத்தில் அவரும் சேர்ந்தார். வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு. இடுப்பில் தொங்கும் ஸ்பேனரைக் கழற்றினால் ஆள் காற்றில் போய்விடுவார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

தினமும் காலையில் சாரக்காரர்கள் ஒரு பாதுகாப்புப் படிவம் நிரப்ப வேண்டும். பைப் நேராக நிற்கிறதா, பைப்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் இறுகியிருக்கிறதா, பலகை உறுதியாக இருக்கிறதா என்று இருபத்திரண்டு கேள்விகள். பதினெட்டுப் பேரும் 'சரி' என்ற வரிசையில் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் டிக் அடித்துக் கொடுப்பார்கள். சராசரி பதினான்கு வினாடி. இவர் மட்டும் படிவத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மேலே ஏறி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் டிக் அடிப்பார். நாற்பது நிமிடம்.

இப்படி இருக்கையில் பழைய மேஸ்திரி ஓய்வுபெற்றார். அடுத்து இருபது மாடிக் கட்டடம் வரவிருந்தது. அந்த வேலைக்கு மேஸ்திரியாக வேண்டும் என்ற ஆசை இவருக்கு இருந்தது. எனக்கு இது தெரிய வந்தது அவர் மனைவி மூலம். அவர் மறந்துவிட்டுப் போன பாதுகாப்பு பெல்ட்டைக் கொடுக்க வந்தவர் என் ஜன்னலில் நின்று சொன்னார்: "ஆறு மாசமா தூக்கத்துல மேஸ்திரி வேலை பாக்குறாரு சார். முழிச்சிருக்கும்போது யார்கிட்டயும் கேக்க மாட்டாரு."

ஆனால் தலைமை அலுவலகம் வேறு ஏற்பாடு செய்தது. மனோதத்துவத் தேர்வாம். நூற்றிருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்' என்பது முதல் 'முழுவதும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். நாற்பது நிமிட அவகாசம். முதல் மதிப்பெண் வாங்குபவர் மேஸ்திரி. உயரத்துக்கு லாயக்கில்லை என்று வந்தால் கீழே ஸ்டோரில் ஆணி எண்ண வேண்டியதுதான் என்று இன்ஜினியர் விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு அறையில் தேர்வு தொடங்கியது. பத்து மூன்றுக்குப் பதினெட்டுப் பேர் முடித்துவிட்டார்கள். கை பழகிய பழக்கம். முதல் வரிசையில் மேலிருந்து கீழே டிக். உயரம் என்றால் பயம் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள், பயமே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

பாத்துச்சொல்றேன் முதல் வாக்கியத்தைப் படித்தார். 'என் சக தொழிலாளர்கள் என்னை நம்புகிறார்கள்.' பென்சிலைக் காதில் செருகினார். தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

எங்கே போகிறீர்கள் என்று இன்ஜினியர் கேட்டார்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

பதினெட்டுப் பேரிடமும் தனித்தனியாகப் போய், என்னை நம்புகிறாயா என்று கேட்டார். எல்லோரும் நம்புகிறோம் என்றார்கள். குண்டர் என்று நாங்கள் அழைக்கும் தடித்த ஆள் மட்டும் மிரண்டுபோய், "ஏண்ணே, என்னப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றாராம்.

உயரம் பற்றிய வாக்கியத்துக்கு மாடி மாடியாக ஏறி நின்று பார்த்து ஓரத்தில் எழுதினார்: 'நான்கு வரை பயம் இல்லை. ஐந்தில் கொஞ்சம். ஏழுக்கு மேல் நன்றாகவே உண்டு. அதனால்தான் பெல்ட் போடுகிறேன்.' 'குடும்பத்தினர் என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்' என்பதை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியின் பதிலும் ஓரத்தில் இருந்தது: 'நான் பேசிக்கிட்டேதான் இருக்கேன். சுவரு நல்லாக் கேக்குது.'

வியாழக்கிழமை எண்பத்தேழாவது வாக்கியத்துக்கு வந்தார். 'சக தொழிலாளர்களின் தவறுகளை எடுத்துச் சொல்லித் திருத்துவேன்.' இதையும் போய்க் கேட்டார். நீங்கள் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று பதினெட்டுப் பேரும் சொன்னார்கள்.

"தினம் சாயங்காலம் உங்க கிளாம்ப் எல்லாத்தையும் நான்தானப்பா திரும்ப முறுக்குறேன்?" என்றார் அவர்.

"நாங்க முறுக்குறதே கெட்டியாத்தான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தோம்ணே" என்றார் குண்டர்.

தாளோடு என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தார். மேஸ்திரி வேலைக்கு முக்கியமான கேள்வியே அதுதான், நடுக் கட்டத்திலாவது டிக் அடியுங்கள் என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"மத்ததெல்லாம் பாத்து அடிச்சேன் சார். இத மட்டும் பாத்த பிறகு எப்படி மாத்தி அடிக்கிறது?"

'முழுவதும் மறுக்கிறேன்' என்பதில் டிக் அடித்து, ஓரத்தில் 'சொன்னதில்லை. சாயங்காலம் நானே முறுக்கிவிடுகிறேன்' என்று எழுதினார். மாலை நான்கு இருபத்தைந்துக்குத் தாளைக் கொடுத்தார். நாற்பது நிமிடத் தேர்வுக்கு ஐம்பத்துநான்கு மணி இருபத்தைந்து நிமிடம்.

மறுவாரம் தேர்வை வகுத்த மனோதத்துவ நிபுணர் நேரில் வந்தார். இளம்பெண். ஹெல்மெட் கண்ணை மறைத்தது. பதினெட்டுப் பேருக்கும் ஒரே மனசு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அதுவும் பூமியில் இருக்க முடியாத மனசு என்றார். பிறகு என் மேஜையிலேயே உட்கார்ந்து பாத்துச்சொல்றேனின் தாளைப் படித்தார். ஓரக் குறிப்புகளைப் பார்த்து இரண்டு தடவை சிரித்தார். எண்பத்தேழில் சிரிப்பு நின்றது.

நேரம் தாண்டியதால் விதிப்படி இவர் தேறவில்லை என்று இன்ஜினியர் நினைவூட்டினார்.

"அப்போ யாருமே தேறல சார். படிச்சா ஒரு ஆள் தெரியறது இந்த ஒரு தாள்லதான்" என்றார் அந்தப் பெண்.

உயர வேலைக்கு அவர் லாயக்கு என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி வேலையை ஒரு மாதம் பரீட்சார்த்தமாகப் பார்க்கலாம், ஒரே நிபந்தனை: மாலைச் சோதனையின்போது ஸ்பேனர் என் மேஜை இழுப்பறையில் இருக்க வேண்டும். குறை கண்டால் கையால் அல்ல, வாயால் திருத்த வேண்டும். மாத முடிவில் ஒரு கிளாம்ப் ஆடினாலும் வெளியாள் மேஸ்திரியாக வருவார்.

முதல் நாள் ஸ்பேனரை என்னிடம் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐந்து பத்துக்கு, குண்டர் கட்டிய கிளாம்ப் முன்னால் நின்றார். கை மூன்று முறை இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது. நான்கு நிமிடம் கழித்து வாய் திறந்தது.

"தம்பி... இது ஆடுது."

"டேய், அண்ணன் பேசிட்டாரு" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. குண்டர் ஓடிவந்து முறுக்கினார்.

அணை உடைந்தது. மூன்றாம் வாரத்தில், கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்லுங்கள் அண்ணே என்று ஆட்கள் கெஞ்சினார்கள். மனைவி மறுபடி என் ஜன்னலுக்கு வந்தார். "அவர என்ன சார் பண்ணீங்க? கதவு உரசுதாம், அலமாரி சாஞ்சிருக்காம். கல்யாணமான நாள்லேருந்து பாத்து வெச்சத மொத்தமா சொல்றாரு." குறைசொல்ல வந்தவர் சிரித்துக்கொண்டேதான் போனார்.

கடைசி நாள் அந்தப் பெண்ணும் இன்ஜினியரும் அறுநூற்றுப் பன்னிரண்டு கிளாம்ப்களையும் ஆட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆடவில்லை.

மாலை ஐந்து நாற்பதுக்குப் புது மேஸ்திரி ஸ்பேனரை வாங்க வந்தார். வாங்கிக்கொண்டும் போகவில்லை. என் தலைக்கு மேலே பார்த்தபடி நின்றார்.

"சார், உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நான் சேர்ந்த அன்னிக்கே பாத்துட்டேன் சார்."

அன்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். காலையில் எல்லோரும் இரண்டு நிமிடம் பிந்தி வந்திருக்கிறார்கள், மாலையில் இரண்டு நிமிடம் பிந்திப் போயிருக்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும், மேலே நான் கொடுத்திருக்கும் மணிக்கணக்கோடு வாசகர்கள் தயவுசெய்து இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளவும். ஐம்பத்துநான்கு மணி இருபத்தைந்து நிமிடத்தில் மட்டும் மாற்றம் இல்லை.