ஒரே பக்கமாகச் சுற்றிய செவலை

பர்னபாஸ் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தது கொஞ்ச காலம்தான். அதை மூடிய பிறகு, ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருவதே அவருக்குப் பிழைப்பாயிற்று. வீட்டில் அவரும் மனைவி இசபெல்லாவும், செவலை என்ற பூனையும்தான்.

ஒரு லீவு நாள் காலையில் செவலை வாசலில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. தலையும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்டூலின் மேல் தாவப் பார்த்து, குறி தப்பிக் கீழே விழுந்தது.

"இன்னாடி, சம்பளத்தன்னிக்குத் தண்ணி போட்டவன் மாதிரி நடக்குற?" என்று சிரித்தபடி பர்னபாஸ் அதைத் தூக்கினார். அதன் கண்மணிகள் பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று ஆடின. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

சுரங்கத் தொழிலாளிகளுக்கென வரிசையாகக் கட்டிய இதே லைன் வீட்டில், அவர் சிறுவனாக இருந்தபோது, அப்பாவின் பூனையும் இப்படித்தான் சுற்றியது. பிள்ளைகள் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும், சுரங்கத்திலிருந்து திரும்பும் அப்பாவை எதிர்கொள்ள வாலைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடும் பூனை அது. ஒருநாள் அது வரவில்லை. டிபன் கேரியரில் மிச்சம் வைத்த கருவாட்டுத் துண்டோடு அப்பா வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"காதுல எண்ணெய காச்சி ஊத்தட்டுமா?" என்றார் பர்னபாஸ்.

"அதெல்லாம் வாணாங்க. உள்ள இன்னா கீதுன்னு நமக்குத் தெரியுமா? கெளம்புங்க," என்றாள் இசபெல்லா.

காய்கறிக் கூடையில் பூனையை வைத்து, மேலே துண்டு கட்டி, ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் பர்னபாஸ் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இசபெல்லா கூடையை மடியில் அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நேத்ரா சின்ன விளக்கால் காதுக்குள் பார்த்தார். "எங்கயாவது விழுந்துச்சா? எலி மருந்து ஏதாவது தின்னுச்சா?"

"இல்லம்மா."

"காதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. அதான் நிலை தடுமாறுது. எண்ணெய் ஏதும் ஊத்தலையே?"

பர்னபாஸ் மனைவியைப் பார்த்தார். "இவதான் வாணான்னா."

"நல்லதாப் போச்சு. காது ஜவ்வு கிழிஞ்சிருந்தா எண்ணெய் உள்ள போய் இன்னும் கெடுத்திருக்கும். இன்னொண்ணும் சொல்றேன், இது எந்தப் பூனைக்கும் பொது. திடீர்னு பின்னங்காலை இழுத்துக்கிட்டுக் கத்துச்சுன்னா, பாதம் சில்லுன்னு இருந்துச்சுன்னா, இல்ல வலிப்பு வந்துச்சுன்னா, விடியட்டும்னு இருக்காதீங்க. உடனே தூக்கிட்டு வந்துடணும்."

மாத்திரையைப் பொடித்து மீனில் பிசைந்து கொடுப்பது இசபெல்லாவின் வேலையாயிற்று. செவலை மெல்ல மெல்ல நேராக நடந்தது. தலைச் சாய்வு மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. ஜன்னலுக்குத் தாவ அது தயங்கியதால், பர்னபாஸ் பழைய பலகைகளை அடித்துக் கீழே ஒரு படி செய்து வைத்தார். செவலை அதை மோந்து பார்த்தது. பிறகு ஏறிப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது.