பைன் செடிக்கு ஒரு காவல்

என் வீட்டுக்காரருக்கு யாரைப் பார்த்தாலும் தண்ணீர் கொடுக்க வேண்டும். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் செம்பை நீட்டிவிடுவார். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீரில் வாழை வளர்க்கிறவர். வாடிய இலையைக் கண்டால் மனசு கேட்காது. அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் பைன் செடியைக் கொண்டுவந்து வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறேன். செய்முறை வகுப்புக்குப் பைன் ஊசியிலை வேண்டும். கொடைக்கானல் போகிறவர்களிடம் சொல்லிவைத்தால், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி காய்ந்து வந்து சேரும். குறுக்கே சீவப் பார்த்தால் பிளேடு அதில் இறங்காது, பிள்ளைகள் விரலில்தான் இறங்கும். அதனால்தான், நம் ஊர் வெயிலையும் தாங்கும் என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்த கன்று ஒன்றை வாங்கித் தொட்டியில் வைத்தேன். சொந்தமாக ஒரு பைன் மரம் என்கிற ஆசை என்னை ஆட்டிவைத்தது. காலையில் பல் விளக்குமுன் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

வாழைக்குக் காட்டிய தாராளத்தை அவர் அதற்கும் காட்டினார். காலையில் ஒரு வாளி, தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஒரு வாளி. ஊசிகள் மஞ்சளடித்ததும், தாகம் என்று நினைத்து இன்னொரு வாளி. நான் மண்ணைக் கிளறினேன். சாக்கடை நாற்றம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இம்புட்டு ஊத்தாதீகன்னு சொன்னா கேக்குறீகளா?"

"பச்சப்புள்ள மாதிரி நிக்கிது. எப்படிப் பட்டினி போட?"

பேசிப் பயனில்லை. மறுநாள் மாலை என்னை வண்டியில் கூட்டிப்போக வந்தவரைப் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குள் கூப்பிட்டேன். ஓர் ஊசியைக் கேரட் துண்டின் பிளவில் செருகி, குறுக்கே மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடினார். ஒருவழியாகப் பார்த்தார்.

"ஓரத்துல என்ன, பள்ளம் பள்ளமா இருக்கு?"

விஷயமே அங்கேதான் இருக்கிறது என்றேன். அவரைக்காய்ச் செடியின் இலையில் மூச்சுத் துளைகள் மேல்தோலை ஒட்டியே இருக்கும். காற்று வந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். பைன் தன் துளைகளைப் பள்ளத்துக்குள் இறக்கி வைத்திருக்கிறது. பள்ளத்தில் மெழுகு வேறு. காற்று மேலோடு போய்விடும், உள்ளே இருக்கும் ஈரம் சுலபத்தில் வெளியேறாது. தோலும் தடிப்பு. குறைந்த தண்ணீரில் குடித்தனம் நடத்தத் தெரிந்த செடி அது. வேரை ஊறப்போட்டால் அழுகிவிடும்.

அவர் மறுபடி குனிந்தார். "ஏலே, நீ இம்புட்டுக் கஞ்சப் பயலா!" என்று ஊசியிடமே கேட்டார்.

அன்றைக்கே மணல் கலந்த புது மண்ணுக்குச் செடியை மாற்றினோம். பிழைக்குமா என்பது தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு மதுரையில் ஒரு வாரப் பயிற்சி. விரலை விட்டுப் பார்த்து, உள் மண் காய்ந்தால் மட்டும் ஒரு செம்பு என்று சொல்லிவிட்டுப் போனேன். தினமும் போன் போட்டேன்.

"ஊத்தலையே?"

"ஊத்தல, ஊத்தல." குரலில் அத்தனை வருத்தம். எனக்கு நம்பிக்கையே இல்லை.

திரும்பி வந்தபோது மனிதர் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் ஊசிகள் உதிர்ந்திருந்தன. நுனியில் தீக்குச்சி நீளத்துக்குப் பச்சையாக ஒரு புதுத்தளிர். சந்தோஷத்தில் பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"இங்கன எதுக்கு உக்காந்திருக்கீக?"

"வர்றவுக எல்லாம் குடிச்ச மிச்சத்த இதுலதான் ஊத்த வாராக. காவல் இருக்க வேண்டாமா?"

"ஊத்தாதீகன்னு சொன்னா முடிஞ்சது."

"சொல்லிட்டா தரையில ஊத்துவாக. வீணாப் போகும்ல? வாங்கி நானே குடிச்சிட்டேன்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஒரு வாரமா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று அவர்மேல் பிரியம் பொங்கியது.

நான் வந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு மதினி வந்தார். வழக்கம்போல இவர் செம்பை நீட்டினார். மதினி அண்ணாந்து நாலு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தோடு தொட்டியைப் பார்த்துத் திரும்பினார். இவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, செம்பை நான் வாங்கிக் குடித்தேன்.