பனிக்கண்டத்துக் காக்கா

ஒலக்கூர் பக்கம் வந்து தென்னரசு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்தத் தென்னரசு?" என்று திருப்பிக் கேட்பார்கள். "பாதி தென்னரசு" என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகூட வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஊரையும் குறை சொல்வதற்கில்லை. ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான், பாதியில் விட்டான். லாரி பழகினான், லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் அலுத்துப்போனது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தான். முன்பக்கம் பச்சைப்பசேல் என்று இருக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் வெறும் சிமெண்ட். "இந்த மனுசன் முழுசா முடிச்சது எங்க கல்யாணம் ஒண்ணுதான். அதுவும் எங்கப்பா பக்கத்துல நின்னுக்கினு இருந்ததால" என்பாள் அவன் மனைவி பரிமளா.

துபாய் வேலையும் பாதிதான். ஆனால் அதில் அவன்மேல் தப்பில்லை. கரும்பு வெட்டியே முதுகு வளைந்த அவன் அப்பா முத்துசாமி படுத்த படுக்கையானார் என்று செய்தி வந்தது. ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்து சேர்ந்தபோது நைனாவை அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள். காரியத்துக்குத்தான் இருக்க முடிந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தென்னரசு இரண்டு விஷயத்தை மட்டும் பாதியில் விட்டதே இல்லை. ஒன்று, அடுப்பில் வைத்த பண்டம். கூட்டேரிப்பட்டு ஹைவே ஓட்டலில் அவன் மாஸ்டராக இருந்த காலத்தில், சாம்பாருக்காகவே பஸ்ஸை நிறுத்திய டிரைவர்கள் உண்டு. இன்னொன்று, அமாவாசைச் சோறு. நைனாவுக்குப் பிடித்த மிளகு வடையோடு முதல் பிடியை எடுத்துக் காக்காவுக்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் தன் வாயில் தண்ணீரே படும்.

துபாயில் கூட வேலை பார்த்த சிநேகிதன் ஒருவன்தான் அண்டார்டிகா சமாச்சாரத்தைச் சொன்னான். நம் நாட்டு விஞ்ஞானிகள் அங்கே நிலையம் கட்டி உட்கார்ந்து காற்றையும் பனியையும் கடலையும் ஆராய்கிறார்களாம். அவர்களுக்கும் வயிறு உண்டல்லவா, சமையல்காரர் தேவையாம். தென்னரசு விண்ணப்பித்தான். தேர்வு செய்தவர்கள், மாதக்கணக்கில் தனிமை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். "வெங்காயம் உரிப்பேன் சார்" என்றான். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். வேனில் காலத்தில் மற்றொரு சமையல்காரரும் இருப்பார். கப்பல் திரும்பிய பிறகு குளிர்காலம் முழுக்க இவன் ஒருவன்தான்.

திண்டிவனம் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்த பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டே எச்சரித்தாள். "போறதுன்னா முழுசா இருந்துட்டு வா. இதையும் நடுவுல வுட்டுட்டு வந்தே, சத்தியமா கதவைத் தொறக்க மாட்டேன்."

"வர மாட்டேன்டி. வந்தா முழுசா வருவேன்" என்றான்.

கப்பலிலேயே வகுப்பெடுத்தார்கள். அங்கே எதையும் தொடாதே, எதையும் எரிக்காதே, எதையும் விட்டுவராதே, பறவைக்குத் தீனி போடாதே. தென்னரசு ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினான். மனதாரத்தான் ஆட்டினான்.

போய் இறங்கினால் ராத்திரியே கிடையாது. சூரியன் மாடு மாதிரி வானத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. தை பிறந்தது. தை அமாவாசையும் வந்தது. இருட்டே இல்லாத ஊரில் அமாவாசை ஏது என்று நீங்கள் கேட்கலாம். நாள்காட்டி சொல்கிறதே! காக்காவுக்கு எங்கே போவது என்பதுதான் அவனுக்குக் கவலை. அடுக்களைப் பின்கதவைத் திறந்தான். எதிர்ப்பாறையில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. கறுத்த பழுப்பு நிறம், வளைந்த மூக்கு, காலில் ஒரு வளையம். ஸ்குவா என்று பெயராம். பென்குவின் முட்டையைத் திருடித் தின்கிற ஜாதி. தலையைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நைனாவேதான்!

சோறு, பருப்பு, நெய், மிளகு வடை. பாறைமேல் வைத்துக் கும்பிட்டான். பறவை ஒரே வாயில் வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. தென்னரசு அங்கேயே நின்று அழுதான். இத்தனை தூரம் தேடிக்கொண்டு வந்துவிட்டாரே!

வினை மறுநாளே வந்தது.

பிரபாவதி மேடம் திருச்சிக்காரர், பறவை விஞ்ஞானி. கடல்பனி குறையக் குறைய ஸ்குவாக்கள் எதைத் தின்று பிழைக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. கூடு கூடாகப் போய்க் குஞ்சுகளை எடைபோடுவார். பயந்த குஞ்சு சில நேரம் தின்றதைக் கக்கும். அதையும் குப்பியில் எடுத்து வைத்துக்கொள்வார். அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நிலையத் தலைவர் இந்தியில் கேட்டார், பறவைக்குத் தீனி போட்டது யார்? தென்னரசுக்கு துபாய் இந்தி தெரியும். எல்லாரோடும் சேர்ந்து அவனும் இல்லை என்று தலையாட்டினான்.

பிரபாவதி ஒரு குப்பியை மேசைமேல் வைத்தார். உள்ளே ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கறிவேப்பிலை.

மரமே முளைக்காத கண்டத்தில் கறிவேப்பிலை! அத்தனை கண்ணும் சமையல்காரன் பக்கம் திரும்பின.

"அது நான் வச்ச வடை மேடம்" என்றான் தென்னரசு.

"இப்பத்தானே அண்ணா இல்லன்னு தலையாட்டினீங்க?"

"தீனி போட்டியான்னு கேட்டாரு. நான் தீனி போடல. நைனாவுக்குப் படைச்சேன். அது வேற, இது வேற இல்லீங்களா?"

பிரபாவதி அதைத் தலைவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. விதியை மீறியவன் குளிர்காலத்துக்குத் தங்க முடியாது, வந்த கப்பலிலேயே திரும்பட்டும், வேனில் சமையல்காரர் தங்கிக்கொள்ளட்டும் என்றார். கப்பல் மாசிக் கடைசியில் கிளம்பும், அதற்குள் கடைசி முடிவைச் சொல்வேன் என்று எழுந்து போய்விட்டார்.

தென்னரசுக்குக் காலடியில் பனி பிளந்த மாதிரி ஆகிவிட்டது. திண்டிவனத்தில் இறங்குகிறான், ஊரே பல்லைக் காட்டுகிறது, பரிமளா கதவைச் சாத்துகிறாள். இதுவும் பாதி!

பிரபாவதியைத் தேடிப் போனான். அவர் கோபத்தில்தான் இருந்தார். பின்கதவுப் பாறையைக் காட்டினார். அந்தப் பறவை அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"பாருங்க. கடலுக்குப் போய் மீன் பிடிக்கிற நேரத்துல உங்க கதவையே பார்த்துட்டு இருக்கு. கூட்டுல குஞ்சு பட்டினி. மூணு வருஷமா கவனிச்சிட்டு வர்ற கூடு இது. உங்களுக்கு ஒரு பிடி சோறு. அதுக்கு அது கெட்ட பழக்கம். நம்ம சாப்பாடு வழியா கோழிச் சீக்கு ஏதாவது தொத்திக்கிச்சுன்னா இங்க இருக்கிற அத்தனையும் போயிடும்."

தென்னரசு பறவையைப் பார்த்தான். நைனா என்று நினைத்து வைத்த சோறு, நைனாவின் குஞ்சையே பட்டினி போட்டிருக்கிறது.

"தப்புதான் மேடம். என்னை அனுப்புறது அவுங்க இஷ்டம். கப்பல் ஏறுற வரைக்கும் அந்தக் கதவைத் தொறக்க மாட்டேன். வாசனைகூட வெளிய போவாது."

சொன்னபடி செய்தான். பின்கதவைச் சாத்தினான். கழிவு வாளியை மூடிக் கட்டிக்கொண்டு நிலையத்தை ஒரு சுற்றுச் சுற்றி முன்வழியாகக் கொண்டுபோனான். காற்று முகத்தை அறுத்தது. "பேஜாரு புடிச்ச வேலை" என்று முனகிக்கொண்டே போனான். வடையும் சுடவில்லை, தாளிக்கவும் இல்லை. சப்பென்ற குழம்பைத் தின்ற விஞ்ஞானிகள் அவனைச் சபித்தார்கள். பறவை சில நாள் உட்கார்ந்து பார்த்தது. கண்ணாடி வழியாக அவனும் பார்த்தான். ஒரு நாள் காலையில் பாறை காலியாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டியவன், நைனா கோபித்துக்கொண்டு போய்விட்ட மாதிரி அன்று முழுக்கக் கண்ணாடிப் பக்கமே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கப்பல் கிளம்பும் வாரம், பிரபாவதி அடுக்களைக்கு வந்தார்.

"குஞ்சு பறந்துடுச்சு அண்ணா. எடையும் தேறிடுச்சு. தலைவர்கிட்ட பேசிட்டேன். தப்பு பண்ணினா தப்புன்னு புரிஞ்சுக்கிற ஆளுதான் குளிர்காலத்துக்கு வேணும்னு சொன்னேன். சரின்னுட்டார்."

தென்னரசு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"ஆனா ஒரு வேலை இருக்கு. புரட்டாசி கடைசியில இந்தப் பறவைங்க திரும்ப வரும். நான் இருக்க மாட்டேன். அந்த வளையம் போட்டது வந்தா, என்னிக்கு வந்ததுன்னு எனக்குச் சொல்லணும். பழைய பழக்கத்துல கதவுகிட்ட வந்து நின்னா அதையும் சொல்லணும்."

கப்பல் போனது. பறவைகளும் போயின. கொஞ்ச நாளில் சூரியனும் போய்விட்டது. ஆடி அமாவாசைக்குத் தென்னரசு மறுபடி மிளகு வடை சுட்டான். யாருக்கு வைப்பது? வெளியே ஈ காக்கா கிடையாது. நிஜமாகவே கிடையாது! தட்டை முன்னால் வைத்துக்கொண்டு விழித்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு புருவமெல்லாம் பனி உறைந்த ஓர் ஆள் உள்ளே வந்தான். வெற்றிச்செல்வன், காற்று ஆராய்ச்சிக்காரன், மரக்காணத்து மீனவக் குப்பத்துப் பையன். ஒலக்கூரிலிருந்து மரக்காணம் பஸ்ஸில் போய்விடுகிற தூரம். இவர்கள் சந்தித்துக்கொள்ள உலகத்தின் அடிக்கு வரவேண்டியிருந்தது. கருவியைப் பார்த்துவிட்டு வந்தவன் பசியில் நடுங்கினான்.

"ஒக்காருடா தம்பி" என்று அந்தத் தட்டை அவன் முன்னால் தள்ளினான் தென்னரசு. அவன் மென்று விழுங்கிய பிறகுதான் தான் தண்ணீர் குடித்தான். பசித்தவன் வாயில் விழுந்தால் நைனாவுக்குச் சேராமலா போகும்?

சூரியன் திரும்பி வந்ததும் வெற்றிச்செல்வன் அடிக்கடி பலூன் விட ஆரம்பித்தான். தமிழில் பேச வேறு ஆள் இல்லாத தென்னரசு கயிறு பிடிக்கப் போனான். பலூனின் அடியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும்.

"இன்னாடா இருக்குது அதுல?"

"ஓசோன் அளக்குறதுண்ணே. சூரியனோட கெட்ட கதிரை வடிகட்டுற காத்து. இங்க வருசா வருசம் இந்த மாசத்துல மெலிஞ்சிபூடும். அந்தக் காலத்து பிரிட்ஜு, ஸ்ப்ரே, அதுல இருந்த வாயு பண்ண வேலை."

"அப்ப மேல ஓட்டையா? யாரு அடைக்கிறது?"

"யாரும் அடைக்கல. ஒலகமே சேர்ந்து அந்த வாயுவை நிறுத்துனாங்க. மெதுவா, மெதுவா அதுவே ஆறிக்கினு வருது. முழுசா ஆற இன்னும் ரொம்ப வருசம் ஆவும்."

"ஒண்ணும் போடாம, போட்டதை நிறுத்துனதாலயேவா?"

"அவ்ளோதாண்ணே."

தென்னரசு பலூன் போன திசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "என் கதைதான்னு சொல்லு" என்றான்.

புரட்டாசி அமாவாசை வந்தது. மகாளய அமாவாசை, முன்னோர் எல்லாரும் பூமிக்கு இறங்கி வருகிற நாள். வெற்றிச்செல்வன் பலூன் விடப் போயிருந்தான். தென்னரசு தட்டில் சோறும் வடையும் எடுத்துவைத்து அவனுக்காகக் காத்திருந்தான். பின்கதவுக் கண்ணாடியில் டொக் என்று ஒரு சத்தம்.

பாறைமேல் அது நின்றது. காலில் அதே வளையம். தலையைச் சாய்த்து அதே பார்வை.

நிலையத்தில் யாரும் பார்க்கவில்லை. தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். பிரபாவதி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். கையில் தட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அமாவாசையன்று, வாசலுக்கு வந்த நைனா, பசியோடு! தாழ்ப்பாள்மேல் கை போனது. அங்கேயே நின்றது.

"நைனா" என்றான் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு. "அன்னிக்கி நான் லேட்டா வந்துட்டேன். அதுக்காவ உன் பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது. போ நைனா. கடல்ல மீனு கெடக்குது. போய்த் துன்னு."

பறவை நின்றது. அவனும் நின்றான். தட்டில் சோறு ஆறியது. கடைசியில் அது இறக்கையை விரித்துக் கடல் பக்கமாகப் போனது. தென்னரசு ஓவென்று அழுதான். ஆனால் தையில் அழுத அழுகை வேறு, இது வேறு.

வெற்றிச்செல்வன் வந்து வடையைத் தின்றான். தென்னரசு பிரபாவதிக்குச் செய்தி அனுப்பினான்: "வளையம் வந்துச்சு மேடம். கதவுகிட்ட நின்னுச்சு. நான் வைக்கல. கடலுக்குப் போயிடுச்சு." பிறகு வீட்டுக்குப் போன் போட்டான்.

"படைச்சியா?" என்றாள் பரிமளா எடுத்ததும்.

"வெற்றிக்குத்தான் வச்சேன். காக்கா வந்துச்சி. அதுக்கு வைக்கல."

 

"இங்க நான் வச்சேன்" என்றாள் பரிமளா மெதுவாக. "வந்து முழுசா துன்னுட்டுப் போச்சி. மாமாவுக்கு மனசு நெறைஞ்சிருக்கும். நீ அங்க ஒண்ணும் கவலைப்படாத." பிறகு, "கப்பல் எப்ப?" என்று கேட்டாள்.

"தை தாண்டிதான். அதுவரைக்கும் இருந்தாவணும்."

"இருந்துட்டே வா" என்றாள். "கதவு தொறந்துதான் இருக்கும். வரும்போதே பெயிண்ட் வாங்கிக்கினு வா, பின்னாடி செவுரு பாக்கி இருக்குது."