கவரேஜ் இல்லாத லயத்துக்கு ஒரு ஆப்

பிரவுசரில் ஓடுகிற ஆப் செய்கிறவனை, அது ஓடுகிற வரைக்கும் ஒருவரும் தேடமாட்டார்கள். நின்றால் தேடுவார்கள்; அதுவும் சரியாக அவன் சாப்பிட உட்காரும்போது. இதே தொழிலில் இருக்கிறவர்கள் இதை வாசித்துப் பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும். மற்றவர்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்கு முன்னால் "கொஞ்சம் இருங்க, சிஸ்டம் ஸ்லோ" என்ற பதிலைக் கேட்டுக் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். அந்த ஸ்லோவுக்குத் திட்டு வாங்குகிற ஆள் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கந்தப்பளைக்காரன். வேலை ஹட்டனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில். முதலாளி தவராசா சேர். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க மலைக்கு வந்தவர், ஓய்வுபெற்ற பிறகு ஊர் திரும்பாமல் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனி என்றால் அவரும் நானும்தான். எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, தேயிலைத் தோட்டங்களில் தாய் சேய் நலம் பார்க்கிற ஒரு சங்கத்துக்கு வெப் ஆப் செய்து கொடுப்பது. மிட்வைஃப்மார் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து, விவரங்களைப் போனில் பதிவார்கள். யாருக்காவது ஆபத்து என்றால் ஒரு பட்டனை அழுத்தினால் ஆஸ்பத்திரிக்குத் தகவல் போக வேண்டும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று சங்கத்தில் யாரும் எனக்கு விளக்கவில்லை. லயத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வெள்ளைத் திரை

எங்கள் ஆபீசில் அந்த ஆப் தொட்டதும் திறந்தது. செய்தவன் மேசையில் எல்லா ஆப்பும் அப்படித்தான் திறக்கும். வெளியில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க நல்லதண்ணி என்ற ஊருக்குப் போனேன். அங்கே சரோஜாக்கா மிட்வைஃப். மலை யாத்திரை சீசனுக்குப் போடுகிற கடைகளைத் தாண்டி மேலே இருக்கிற லயங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனைத் திறந்தார். திரை வெள்ளையாக வந்தது. வெள்ளையாகவே இருந்தது.

"கொஞ்சம் இருங்கக்கா, டவுன்லோட் ஆகுது" என்றேன். பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு பிளேன்டி வாங்கிக் குடித்து முடித்தோம். வெள்ளை மாறவில்லை. தன் போனில்தான் கோளாறோ என்று அக்கா அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார்:

"தப்பே இல்லாம செஞ்சிருக்கீங்க தம்பி. ஒண்ணுமே இல்லாத எடத்துல தப்பு எங்கயிருந்து வரும்?"

மூட்டைக்குள் என்ன

நாங்கள் ஆப்பைச் சின்னச் சின்னக் கோப்புகளாகத்தான் எழுதுவோம். பிரவுசருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு கருவி அவற்றை எல்லாம் சேர்த்து இறுக்கி ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். சரோஜாக்காவின் போன் முதல் பக்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் முழு மூட்டையும் வந்து சேர வேண்டும். நல்லதண்ணியின் கவரேஜுக்கு அது ஆகிற காரியமில்லை.

ஹட்டனுக்குத் திரும்பி மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே எங்கள் கோட் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மிச்சமெல்லாம் வேறு யாரோ எழுதி வைத்ததை நாங்கள் எடுத்துச் சேர்த்துக்கொண்டது. ஒரு பிரசவத் தேதியைக் காட்டுவதற்காக உலகத்து மொழிகள் அத்தனையிலும் மாதப் பெயர்கள். ஒரு தோட்டத்தைக் காட்டுவதற்காக ஒரு முழு வரைபடக் கருவி. சங்கத் தலைவர் எப்போதாவது பார்க்கிற கோட்டுப்படங்களுக்கு ஒரு பெரிய பகுதி. ஆகாய விமானம், பனிச்சறுக்கு எல்லாம் உள்ளிட்ட சின்னச் சின்னப் படங்கள். இத்தனையும் சேர்ந்துதான் ஒரு மிட்வைஃபின் போனுக்குள் ஏற முயன்றுகொண்டிருந்தன. சேரிடம் காட்டி, "இதெல்லாம் வெட்டணும் சேர்" என்றேன். கண்ணாடியை ஏற்றி விட்டுப் பார்த்தார். எந்தப் பொருளையும் வீசி எறியாத மனுஷர். ஆபீசில் ஓடாத பிரின்டர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்.

"கிடக்கட்டும் ஐசே. இருந்தா என்ன, சோறா கேக்குது?"

கவ்வாத்து

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன பிறகு வெட்டினேன். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி, யாரும் உபயோகிக்காத கோட்டை வெட்டித் தள்ளுகிற வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது. அதை முழுசாக முடுக்கிவிட்டேன். பெயர்களையும் சுருக்கச் சொன்னேன். நாங்கள் நீளமாக வைத்த பெயர்களை எல்லாம் அது ஒற்றை ஆங்கில எழுத்தாக்கிவிடும். மூட்டை ஆளே மாறிப் போனது. எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பு அடுத்த கிளினிக் நாள் வரைக்கும்தான். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரியில் கிளாக்கராக இருக்கிற முத்தையா அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். தடுப்பூசிப் பக்கம் திறக்கவில்லை, சிவப்பில் ஏதோ எழுதி வருகிறது என்றார். தேவையான ஒரு பகுதியைத் தேவையில்லாதது என்று நினைத்துக் கருவி வெட்டிவிட்டது என்று புரிந்தது. எந்தப் பகுதி என்று தெரிய வேண்டுமே. "என்ன எழுதியிருக்குன்னு அப்படியே வாசிங்கண்ணே" என்றேன். "டீ ஈஸ் நாட் எ பங்ஷன்" என்று வாசித்தார். பங்ஷன் என்றால் எங்கள் தொழிலில் ஒரு வேலையைச் செய்து தருகிற கோட்துண்டு. டீ என்பது நான் சுருக்கச் சொன்ன பெயர்களில் ஒன்று. அப்படி எத்தனை டீ உள்ளே இருக்கிறதோ, எனக்கே தெரியாது. இன்னொரு தடவை பார்த்து வாசிக்கச் சொன்னேன். அண்ணன் கொஞ்சம் அலுத்துக்கொண்டார்.

"அதேதாங்க தம்பி, டீ பங்ஷன் இல்லையாம். தோட்டத்துல டீ இல்லாம எந்தப் பங்ஷனுங்க நடந்துச்சு?"

பாதி வந்த ஆப்

வெட்டுப்பட்டதைத் தேடித் திரும்பச் சேர்த்தேன். வெட்டினால் மட்டும் போதாது, பிரிக்கவும் வேண்டும் என்று தெரிந்தது. ஆப்பைத் துண்டு துண்டாக்கினேன். முதல் பக்கத்துக்கு ஒரு சின்னத் துண்டு, மற்றப் பக்கங்கள் தொட்டால்தான் வரும். மறுபடி நல்லதண்ணி. பஸ் தரிப்பில் சரோஜாக்கா போனைத் தொட்டார்; ஆப் உடனே திறந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். வந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். மஸ்கெலியா வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரிய காரியம் செய்த ஆள் மாதிரி நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் புறப்பட்ட பிறகு அக்கா லயத்துக்கு ஏறியிருக்கிறார். மேலே கவரேஜ் கிடையாது. கர்ப்பிணிப் பக்கத்தைத் தொட்டிருக்கிறார். அந்தத் துண்டு நெட்டில் இருந்து வர வேண்டியது. நெட் பஸ் தரிப்பிலேயே நின்றுவிட்டது. சக்கரம் சுற்றியிருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகாமல் அவருக்காகக் காத்திருந்த கர்ப்பிணிப் பிள்ளைகளை அப்படியே உட்கார வைத்துவிட்டு, பக்கத்தை வரவழைக்க ரோட்டுக்கு இறங்கி, திரும்ப மேலே ஏறியிருக்கிறார். சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"முன்னாடி லேட்டா வந்துச்சு, இப்ப பாதி வருது. முழுசா வர்ற அன்னைக்கு ஒரு போன் கோல் குடுங்க தம்பி, நான் அது வரைக்கும் கொப்பியிலயே எழுதுறேன்."

சரி பண்ணிய காலை

என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. முதல் பக்கத்தை ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றத் துண்டுகள் பின்னால் சத்தமில்லாமல் வந்து போனுக்குள் தங்கிவிட வேண்டும். பிறகு கவரேஜ் போனாலும் ஆப் ஓடும். பதிந்ததை வைத்திருந்து கவரேஜ் வந்ததும் தானாக அனுப்பவும் வேண்டும். எழுதி, சோதித்து, உடைந்து, திரும்ப எழுதி, ஒரு வழியாக ஒரு காலையில் ஏற்றினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும்போது துண்டுகளுக்குப் புதுப் பெயர் வரும். பழைய பெயரில் இருந்தவை சேர்வரிலிருந்து போய்விடும். முத்தையா அண்ணன் காலையிலேயே பழைய ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது பழைய பெயரில் துண்டு கேட்டது, துண்டு இல்லை. டிஸ்பென்சரி வாசலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வரிசையில் நின்றிருக்கிறார்கள். "ரீலோட் பண்ணுங்கண்ணே" என்றேன், சரியானது. அது சரியானதும் வேறொன்றைத் திருத்தி ஏற்றினேன், திரும்பவும் நின்றது. பழைய துண்டுகளைக் கொஞ்சக் காலம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்றைக்குப் படித்தேன். வெயிலில் நின்று அதற்குக் கட்டணம் கட்டியது அந்தத் தாய்மார். அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க சரி பண்ணாத நாள்ல இது நல்லாத்தாங்க வேலை செய்யுது. கிளினிக் அன்னைக்கு மட்டும் எதையும் சரி பண்ணாம இருங்க தம்பி, புண்ணியமாப் போகும்."

லொறியும் பஸ்ஸும்

அந்த வருஷம் யாத்திரை சீசன் நடந்துகொண்டிருந்தபோது, நல்லதண்ணி லயமொன்றில் சித்ரா என்ற பிள்ளைக்கு மாதம் நிறைவதற்கு முன்பே இரத்தம் போக ஆரம்பித்தது. பகல் நேரம். புருஷன் கொழும்பில் கடை வேலை. சரோஜாக்கா அப்போது பக்கத்து லயத்தில்தான் இருந்தார். ஆள் வந்து சொல்லவும் ஓடியிருக்கிறார். கவரேஜ் இல்லை. ஆப்பைத் திறந்து விவரத்தைப் போட்டு ஆபத்துப் பட்டனை அழுத்தினார். "பதிந்தது, கவரேஜ் வந்ததும் போகும்" என்று காட்டியது. அதை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்க அவருக்கு நேரம் இல்லை.

தோட்டத்து லொறி கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் நின்றது. டிரைவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஹட்டன் போயிருந்தார், சாவி அவர் சட்டைப் பையில். பொம்பளைகள் சேர்ந்து சித்ராவைக் கம்பளியில் தூக்கி ரோட்டுக்கு இறக்கினார்கள். மலை இறங்கிய யாத்திரிகர்களோடு ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா நடு ரோட்டில் நின்று மறித்துச் சிங்களத்தில் சொன்னார். வெள்ளை உடுப்போடு இருந்தவர்கள் எழுந்து பின் சீட்டைக் காலி செய்தார்கள். ஒரு அம்மா சித்ராவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டிரைவர் வழியில் எங்கும் நிறுத்தவில்லை. ஒரு வளைவு திரும்பும்போது அக்காவின் கையிலிருந்த போன் ஒரு சத்தம் கொடுத்தது. தகவல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் பஸ் நுழைந்தபோது தள்ளுவண்டியோடு ஆட்கள் நின்றார்கள். உள்ளே இரத்தமும் தயாராக இருந்தது.

இதையெல்லாம் அக்கா மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளை, ரொம்பச் சின்னது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பயமில்லையாம். தாயும் கண் விழித்துப் பேசினாளாம். நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். கீழே பேக்கரியில் யாரோ பாண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போய் ஜன்னலைச் சாத்தினேன். அக்காவே சொல்லி முடித்தார்.

"ஒங்க ஆப்பு நெட்டு இல்லாமலும் ஓடிருச்சு தம்பி. தோட்டத்து லொறிதான் சாவி இல்லாம ஓடல."

வரவேற்பு வீடியோ

விஷயம் சங்கத்துக்கு எட்டியது. தலைவர் எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர்; சித்ராவின் பிள்ளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே வருகிறார். கீழேயிருந்து கேக் வாங்கி வரச் செய்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பிறகு தன் ஆசையைச் சொன்னார். ஆப்பைத் திறந்ததும் தேயிலை மலைகள் தெரிய, பின்னால் இசை வர, தான் தோன்றி மிட்வைஃப்மாருக்கு நன்றி சொல்வதாக ஒரு வீடியோ வர வேண்டும். எல்லாரும் பார்க்க முதல் பக்கத்திலேயே.

சேரைப் பார்த்தேன். சேர் கேக்கைப் பார்த்தார். நான் பொறுமையாக விளக்கினேன். முதல் துண்டு சின்னதாக இருப்பதால்தான் நல்லதண்ணியில் ஆப் திறக்கிறது. எவ்வளவோ பாடுபட்டு இந்த அளவுக்கு இளைக்க வைத்திருக்கிறோம். வீடியோவின் எடை முழு ஆப்பின் எடையை விடப் பல மடங்கு என்றேன். அவர் குறுக்கே பேசாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கடைசி வரைக்கும் கேட்டார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. இப்பதான் இவ்வளவு எடம் காலி பண்ணி வச்சிருக்கீங்களே, அதுல போட்டா என்னங்க?"

ஆகக்கூடி என் தொழிலைப் பற்றிக் கேட்டால், வருஷம் முழுக்கப் பாடுபட்டு ஒரு வீட்டைக் காலி செய்து கூட்டிப் பெருக்கி வைப்பதும், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் ஆளுக்கொரு அலுமாரியோடு வந்து வாசலில் நிற்பதும்தான் என்று சொல்வேன்.