எங்கள் தெருமுனையில் சாலை வளைந்த கதை

மரப்பட்டை காய்ச்சுகிற வாடை... துவர்ப்பும் புகையுமாகத் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது எல்லாம் பருத்தி நூல் வலைதான். சும்மா விட்டால் மக்கிப்போகும். பட்டைச் சாற்றில் முக்கி எடுத்துத் தெரு மணலில் விரித்துப் போடுவார்கள். தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்கச் செம்பழுப்பாகக் கிடக்கும்.

அந்த வலைமேல் செருப்புக் கால் படக்கூடாது. பட்டால் அந்த வலை கடலுக்குப் போகாது. மாதா கோயில் சாமியாரே எங்கள் தெருவுக்குள் வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிற காலம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

துறைமுகத்திலிருந்து சரக்குக் கிட்டங்கி வரைக்கும் நேராக ஒரு அகலச் சாலை, இரண்டு பக்கமும் புதுக் கடைகள் என்று பெரிய திட்டம் ஒன்று வந்தது. குறுக்கே கிடந்தது எங்கள் தெரு. "புன்னைக்காயல் பக்கம் இடம் தருகிறோம், போய் இருங்கள்" என்றார்கள். வள்ளம் நிற்கிற கரை இங்கே, வீடு அங்கே. எப்படிப் பிழைக்க?

சரி என்று முதலில் கைநாட்டு வைத்த வீடு ஒன்று உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர்கள் பேரப்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அந்த வீட்டுத் தண்ணீர் இன்றுவரை என் தொண்டையில் இறங்கியதில்லை.

மற்றவர்களை ஒன்றாகப் பிடித்து வைத்தது சிலுவையக்கா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். இரண்டு மகன்கள், ஒரு வள்ளம். கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னார்.

"சங்கிலி பிடிச்சு அளந்தாத்தான் அவங்க வேலை ஓடும். யாரும் சண்டைக்குப் போவாதீங்க. தெருவுல எந்நேரமும் வலை கெடக்கட்டும். மிதிச்சிட்டு அளக்கட்டும், பாப்போம்."

எந்நேரமும் வலை கிடக்க வேண்டுமென்றால் யாராவது கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டுமே... அதற்கு முறை வைத்தார். முறை வந்த வீட்டு வலை அந்த வாரம் முழுக்கத் தெருவில். அந்த வீட்டில் கஞ்சிதான்.

சர்வேயர் நல்ல மனுஷன், நாசரேத்துக்காரர். பூட்ஸைக் கழற்றிவிட்டு மணலில் ஒரு எட்டு வைப்பார், சூடு தாங்காமல் குதிப்பார். நாங்கள் சுவர்மேல் உட்கார்ந்து சிரிப்போம்.

"வலையை எடுங்கம்மா."

"இன்னும் காயலையே அய்யா."

"எப்பம்மா காயும்?"

"வெயில் அடிக்கணும்லா."

நல்ல உச்சி வெயிலில் நின்றுகொண்டு இந்தப் பேச்சு. தினமும் இதே பேச்சு. கடைசியில் அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டேதான் தெருவுக்குள் வருவார்.

இப்படி மாதக்கணக்கில் ஓடியது. பிறகு எங்கள் முறை வந்தது.

எங்கள் வீடு தெருமுனை. அப்பாவுக்கு இருந்தது ஒரே வலை. அந்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுனும் தலைக்கு முக்காடும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா போய்க் கேட்டாள். "அக்கா, புள்ளைக்குப் புதுநன்மை. எங்க முறைய ஒரு வாரம் தள்ளி வைங்க."

"ஒனக்குத் தள்ளி வச்சா, நாளைக்கு எல்லா வீட்டுலயும் ஒரு புதுநன்மை வரும்ளா."

அவ்வளவுதான். தன் மருமகள் எப்போதோ போட்ட கவுன் ஒன்றைக் கொடுத்துவிட்டார். லேஸ் மஞ்சளாகி, கையிடுக்கில் இறுக்கிப் பிடிக்கும். நான் வாங்கவில்லை, அம்மா வாங்கினாள்.

அந்த வியாழக்கிழமை பெரிய அதிகாரி பிளசரில் வந்தார். கார் என்று அப்போது யார் சொன்னார்கள்... பிளசர்தான். எங்கள் வலைக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றது. வலை நடுவில் சிலுவையக்கா. அறுந்த கண்ணியைப் பின்னிக்கொண்டு இருந்தார், நிமிரவில்லை.

"ஏத்து" என்றார் அதிகாரி, டிரைவரிடம்.

"ஏத்துங்க அய்யா. இந்த வீட்டுக்கு இருக்கிறது இந்த ஒரு வலை. நாளையிலேருந்து அந்தோணியும் பொண்டாட்டி புள்ளையும் ஒங்க வாசல்லதான் சோறு திங்கும். நான் கூட்டியாந்து விடுதேன்."

அந்தோணி என் அப்பா. வாசலில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

டிரைவர் இறங்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "எங்கப்பாவும் வலைக்காரர்தான் சார். நான் ஏத்த மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

அதிகாரி திரும்பி சர்வேயரைப் பார்த்தார். அவரோ வழக்கம்போல பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பிளசர் பின்னால் போனது. சர்வேயர்தான் தள்ளினார். டிரைவருக்கு வேலை போயிற்று. மறுநாளே சிலுவையக்கா அவரைத் தன் மகன்களோடு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்.

எங்கள் தெருவை அளக்காமலே சாலை வந்தது, சில வருஷம் கழித்து. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் வளைந்து, உப்பளத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. இன்றைக்கும் அப்படித்தான் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் லேஸ் கவுனோடுதான் நன்மை வாங்கினேன். அதற்குப் பிறகு சிலுவையக்காவோடு நான் பேசவே இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், ஆசீர்வாதம் பண்ணினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று முறையைத் தள்ளி வைத்திருந்தால் அப்பா கடலுக்குப் போயிருப்பார். தெருமுனை வெறும் மணலாகக் கிடந்திருக்கும். பிளசர் நேரே உள்ளே வந்திருக்கும். எனக்குப் புதுக் கவுன் கிடைத்திருக்கும், வீடு இருந்திருக்காது. எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்... அவர் செய்ததுதான் சரி. அதற்காக என் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன மாதம் என் பேத்தி மகளுக்குப் புதுநன்மை. அதே வீட்டிலிருந்துதான் புறப்பட்டாள். போனிலேயே பார்த்து வாங்கின கவுன், தரையைக் கூட்டுகிற நீளம். இப்போது தெருவில் வலை இல்லை, எல்லாம் நைலான், படகிலேயே கிடக்கிறது. மணலும் இல்லை, தார்.

கோயிலுக்குப் போக ஆட்டோ தெருமுனையில் நின்றது. ஆட்டோக்காரத் தம்பி கேட்டான், "பாட்டி, செருப்ப ஏன் கையில வச்சிருக்கீங்க?"

"வண்டிய எடுப்பா" என்றேன்.

வளைவு தாண்டின பிறகுதான் போட்டுக்கொண்டேன்.